பழைய டேர்போ காருக்குக் கண்டி ஏற்றம் என்ன செய்யும்?

கடுகண்ணாவ ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும்போது, ஒரு சின்ன டொயோட்டா ஸ்டார்லட் மெல்லிய விசில் சத்தத்தோடு உங்களைக் கடந்து போயிருக்கலாம். ஊருக்குள் ஓடும் மற்ற ஸ்டார்லட்களைப் போலத்தான் இருக்கும். பொனட்டில் காற்றுப் புகுவதற்கு ஒரு வாய் மட்டும் கூடுதலாகத் தெரியும். அது ஜி.டி. டேர்போ. 1989இல் வெளிவந்த தலைமுறை. 1331 சி.சி. எஞ்சின், 135 குதிரைவலு. இன்னும் வேகம் வேண்டுமென்பவர்களுக்கு நிசான் சில்வியா, சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் என்று மேலே ஒரு வரிசை உண்டு.

இப்படி ஒன்று விலைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்றுதான். கண்டியில் அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: உங்கள் வீடு மேட்டிலா, பள்ளத்திலா?

காரணத்தைச் சொல்வதற்கு முன் டேர்போ என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே போய்விடும். அந்தப் புகை போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்றுக் கூடினால் அதற்கேற்பப் பெற்றோலையும் கூட எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்துவிடும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால் அதை ஆற்றுவதற்கு ஒரு இன்டர்கூலர். அழுத்தம் அளவு மீறினால் புகையைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிட வேஸ்ட்கேட் என்றொரு கதவு. இயந்திரம் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஒரு முனையில் 900 பாகை செல்சியஸை எட்டும் புகை, மறுமுனையில் சாதாரணக் காற்று, இடையில் சில அங்குலம் மட்டுமே.

மலைக்கும் இந்தக் கருவிக்கும் பழைய உறவு உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் உயரத்தில் இது என்ன செய்யும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபர்ட் மொஸ். 1918இல் அவர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, சுமார் 4,300 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோனார். கடல்மட்டத்தில் 350 குதிரைவலு தரும் எஞ்சின் அங்கே ஏறத்தாழ 230ஐத்தான் தந்தது. டேர்போவைப் பூட்டியதும் 356! கண்டி நகரம் சுமார் 500 மீற்றரில்தான் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவது நூற்றுக்கு ஆறு அளவில், அவ்வளவாகத் தெரியாது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறினால் நூற்றுக்கு இருபது குறைந்துவிடும். சாதாரண எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். டேர்போ இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டும். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றில் எவலூஷனையும் இம்ப்ரெஸாவையும் தேடி வாங்கி ஓட்டுபவர்கள் இருப்பதற்கு நான்கு சில்லு இழுவையோடு இதுவும் ஒரு காரணம்.

இனி வீட்டுக் கதைக்கு வருவோம். பெரும்பாலான பழைய டேர்போக்களில் தண்டைத் தாங்குவது குண்டு பெயாரிங் அல்ல, எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய்ப் படலம். தண்டு எண்ணெயில் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது. எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். ஆனால் சிவக்கச் சூடேறிய புகைப்பக்க இரும்பு உடனே ஆறாது. அதன் சூடு தண்டை நோக்கி ஏறும். அங்கே தேங்கிய எண்ணெய் கருகி, தாச்சியின் அடியில் பிடித்த காந்தல்போல ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வருடம் இப்படியே நடந்தால் எண்ணெய் வரும் துவாரம் குறுகி, பெயாரிங் தேய்ந்து, தண்டு ஆடத் தொடங்கும்.

கொழும்பிலிருந்து வரும் காருக்குப் பாதையே வைத்தியம் பார்த்துவிடுகிறது. கடுகண்ணாவ உச்சியில் சூடேறிய டேர்போ, பிலிமத்தலாவை, பேராதனை, கெட்டம்பே என்று நெரிசலில் ஊர்ந்து வருவதற்குள் ஆறிவிடும். கண்டி நெரிசலுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே இடம் இதுதான். ஹந்தானையிலோ அனிவத்தையிலோ வீடு இருப்பவரின் நிலை வேறு. பயணத்தின் கடைசி மூன்று நிமிடம் முதலாம் கியரில் செங்குத்து ஏற்றம். கேட்டைத் திறந்து உள்ளே விட்டதும் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிடுகிறார். டேர்போவுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை, அதுவும் தினமும். கடைசி ஏற்றத்தை மிதிக்காமல் மெதுவாக ஏறி, நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் போதும். இதற்காகவே ஜப்பானில் ‘டேர்போ டைமர்’ பூட்டினார்கள். பழைய கார்களில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், பல வேளை வேலை செய்யாமல். தண்ணீர் சுற்றிக் குளிரவைக்கும் டேர்போ என்றால் ஆபத்துக் குறைவு. ஆனால் ரேடியேட்டரில் கூலண்ட் இல்லாமல் குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றி வந்திருந்தால் அந்தச் சிறு வழிகள் துருவால் அடைபட்டிருக்கும்.

ஆகவே இந்தக் காருக்கு எண்ணெய்தான் உயிர். என் கணக்கில் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எது முந்துகிறதோ அப்போது, நல்ல சின்தெட்டிக் எண்ணெய். இதில் மிச்சம் பிடிப்பவர் டேர்போ கார் வைத்திருக்க வேண்டியதில்லை.

பழைய டேர்போ என்றாலே நீலப் புகை நினைவுக்கு வரும். புகை கண்டதும் "டேர்போ போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் அப்படித்தான் ஒரு இளைஞர் வேறு டேர்போ தேடுவதற்கு ஆயத்தமாக வந்து நின்றார். பாஸ் டேர்போவைத் தொடவேயில்லை. வால்வ் கவரின் மேலிருந்து பெருவிரல் அளவு வால்வ் ஒன்றைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். "இது கலகல என்று சத்தம் போட வேணும் தம்பி. பாருங்க, ஊமை." எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வ் அது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்; டேர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய எண்ணெய் வடிய முடியாமல் சீலைத் தாண்டிக் கசிந்து எரியும். டேர்போ நல்லாயிருக்க, குற்றவாளி வேறொருவர். புதிய வால்வின் விலை, டேர்போவின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியதல்ல.

இதே போன்ற இன்னொரு சின்னச் சாமான் எஞ்சினையே கொன்றுவிடும். வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தத்தைச் சொல்லும் மெல்லிய ரப்பர் குழாய் முப்பது வருடச் சூட்டில் வெடித்து விலகினால், கதவு திறக்காது. அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறும். ஓட்டுபவருக்கு அன்று கார் என்றுமில்லாத வேகத்தில் பறக்கும். கொண்டாட்டம் பிஸ்டன் உடைவதில் முடியலாம். காரை வாங்கிய முதல் வாரத்தில் எல்லா வாக்கூம் குழாய்களையும் மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெற்றோல் விஷயமும் உண்டு. ஜப்பானில் இந்தக் கார்களுக்கென்று விற்கப்படும் உயர்தரப் பெற்றோல் பொதுவாக 100 ஒக்டேன். இங்கே நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம். ஒக்டேன் குறைந்தால், தீப்பொறி பற்றவைத்த சுவாலை வந்து சேருமுன்னே அழுத்தப்பட்ட கலவையின் மிச்சம் தன்பாட்டில் வெடிக்கும். ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆணி தட்டுவதுபோல் கேட்கும் ‘நொக்கிங்’ அதுதான். 95ஐ விட்டு இறங்காதீர்கள். யாரோ முன்பு பூட்டிய ‘பூஸ்ட் கன்ட்ரோலர்’ இருந்தால் கழற்றி, தொழிற்சாலை வைத்த அளவுக்கே கொண்டுவாருங்கள். மலைநாட்டுப் பயணத்துக்கு முன் அடுத்த 95 எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதும் செலவுக் கணக்கில் ஒன்றுதான்.

உண்மையான செலவு எங்கே இருக்கிறது? காரின் விலையில் இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. தொடங்கியும் இந்தக் கார்களுக்குப் பயனில்லை. பாவித்த வாகனங்களுக்கு வயது வரம்பு இருப்பதால் தொண்ணூறுகளின் கார் இனி வராது. இருப்பவை இருப்பவைதான். அதனால் வாங்கிய விலை பெரும்பாலும் கையைவிட்டுப் போகாது. போவது சாமானில். 2022 நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனபோது, ஜப்பானிலிருந்து வரும் ஒவ்வொரு கேஸ்கட்டும் அதே அளவில் ஏறியது. கண்டியில் கிடைக்காததைத் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் பாவித்த டேர்போவை வாங்கும்போது தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆடுவது இயல்பு, எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் இழுபட்டால், அல்லது இதழ் சுவரில் உரசிய தடம் இருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கார் என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும். ஸ்டார்லட்டின் பல சாமான்கள் சாதாரண ஸ்டார்லட்டோடு பொது, முன்சில்லு இழுவை, எந்தப் பாஸுக்கும் பழக்கமான கார். லான்சர் எவலூஷன் வேறு உலகம். அதன் 4ஜி63 எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு பாலன்ஸ் தண்டுகளுக்கு இன்னொரு சின்ன பெல்ட்டும் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வுகள் வளைந்து எஞ்சின் தலையே போய்விடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் இன்றே. நான்கு சில்லு இழுவை என்பதால் ஒரு டயர் போனாலும் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும்; தேய்மானம் வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் பழியைச் சுமக்கும். றம்பொடை இறக்கத்தில் பிரேக் பாட் தேயும் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். எதை வாங்கினாலும், காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்கென்று தனியே எடுத்து வைக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இதெல்லாம் வேகப் பிரியர்களின் தலையிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1000 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்குத் தீர்வை குறைவாக இருந்ததால், 2017, 2018 அளவில் ஒரு லீற்றர் டேர்போ ஹொண்டா சிவிக் இலங்கைக்கு ஏராளமாக வந்தது. இப்போது அதே அளவு டேர்போ எஞ்சினோடு டொயோட்டா ரைஸ் வருகிறது. அந்தச் சிவிக்குகள் இப்போது இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர்களில் பலருக்குப் பொனட்டுக்குள் டேர்போ இருப்பதே ஞாபகமில்லை. அப்படி ஒன்றைப் பார்க்கப் போனால் எண்ணெய் மாற்றிய பில்களைக் கேளுங்கள், கூடவே விற்பவரின் வீடு எந்த மேட்டில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் இல்லையென்றால் ஒரு டேர்போவின் விலையைக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.