வாசிக்க முடியாததெல்லாம் வெற்றிடமா? வெளி ஹார்ட் டிஸ்க் இழப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிறோம். திரையில் ஒரு பெட்டி வருகிறது. விண்டோஸாக இருந்தால், 'இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். ஆப்பிளின் மேக்காக இருந்தால், 'இந்த வட்டை இந்தக் கணினியால் வாசிக்க இயலவில்லை' என்று சொல்லிவிட்டுத் துவக்கு, புறக்கணி, வெளியேற்று என்று மூன்று பொத்தான்களைக் காட்டும்.

இந்தப் பெட்டியையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். 'என்னால் வாசிக்க முடியவில்லை' என்பது இயலாமையை ஒப்புக்கொள்வது. 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்பது தீர்ப்பு. ஒப்புதலிலிருந்து தீர்ப்புக்குப் போகும் வழியில் ஒரு காரணமும் சொல்லப்படுவதில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவர் எதிரில் இருப்பதை வெற்றுத்தாள் என்று அறிவிக்கிறார். அந்த அறிவிப்பில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான இழப்புகள் புதுப்பித்தலின்போது நடப்பவை அல்ல, இந்தக் கையெழுத்தின்போது நடப்பவை என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. காலனிய நிலவரித் திட்டம் வரி வராத நிலத்தைக் கணக்குக்கு வெளியே தள்ளிப் 'புறம்போக்கு' என்றும் 'தரிசு' என்றும் எழுதியது. அங்கே மாடு மேய்ந்தது, ஜனங்கள் குடியிருந்தார்கள். அடங்கலில் இல்லை என்பதால் அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் அடங்கலைக் கையில் வைத்திருப்பவருக்கு அது 'காலி இடம்'.

2

இந்த ஒப்புமை அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது.

வட்டின் ஆரம்பத்தில் ஓர் எல்லை வரைபடம் இருக்கிறது: எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. இதைப் பார்டிஷன் அட்டவணை என்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு பதிவேடு: எந்தக் கோப்பு, என்ன பெயர், என்ன தேதி, எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பது. இந்தப் பதிவேட்டை எழுதும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் என்டிஎஃப்எஸ் என்ற முறையிலும், 2017க்குப் பிந்தைய மேக் பெரும்பாலும் ஏபிஎஃப்எஸ் என்ற முறையிலும் எழுதுகின்றன. கோப்புகள் இந்த வரைபடத்திலும் பதிவேட்டிலும் இல்லை. அவை வட்டின் மீதிப் பரப்பில் கிடக்கின்றன.

ஏபிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்ட, ஒரு கீறலும் இல்லாத வட்டை விண்டோஸ் கணினியில் செருகிப் பாருங்கள். அது ஃபார்மேட் செய்யச் சொல்லும். வட்டில் எந்தக் கோளாறும் இல்லை. கணினிக்கு அந்த மொழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

விரைவு ஃபார்மேட் என்பது பழைய பதிவேட்டின் இடத்தில் வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பது. கோப்புகள் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த இடமெல்லாம் காலி என்று கணக்கு ஆகிவிட்டதால், அடுத்து வருகிற எதையும் அவற்றின் தலைமேல் எழுதலாம். முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா (2007) முதற்கொண்டு முழு ஃபார்மேட் வட்டு முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதுகிறது. அதற்குப் பிறகு எந்த நிபுணரும் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் 'ஃபார்மேட் பண்ணிரலாம் சார், ரெண்டே நிமிஷம்' என்று சொல்லும்போது எந்த ஃபார்மேட் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

3

புதுப்பித்தலே தரவைத் தின்ற சந்தர்ப்பங்களும் உண்டு. மூன்றைப் பார்க்கலாம்.

2003 அக்டோபரில் ஆப்பிள் தனது 'பாந்தர்' இயங்குதளத்தை (10.3) வெளியிட்டது. உடனே ஃபயர்வயர் 800 இணைப்பில் ஓடிய சில வெளி வட்டுகளில் தரவு அழிந்தது. குற்றம் வட்டின் மீதல்ல. வட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே உறைக்குள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டு 922 என்ற சில்லும் அதில் இருந்த 1.02 என்ற நிரலும் புதிய இயங்குதளத்தோடு ஒத்துப்போகவில்லை. நிரலைப் புதுப்பிக்கும்வரை அந்த வட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் அறிவித்தது.

பத்து வருஷம் கழித்து, 2013 அக்டோபர் 22இல் 'மேவரிக்ஸ்' (10.9) வந்தது. இம்முறை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: வட்டோடு நாங்கள் தந்த மேலாண்மை மென்பொருள்களை நீக்கிவிடுங்கள், அல்லது புதுப்பிப்பதைத் தள்ளிப் போடுங்கள் என்று. வட்டைக் 'காப்பாற்றுவதற்கு' என்று கூட வந்த நிரல்கள் இவை. அவற்றில் ஒன்றின் வேலையே பேக்கப் எடுப்பது.

இரண்டிலும் வட்டு நன்றாகவே இருந்தது, வாசிக்கிற கணினியும் நன்றாகவே இருந்தது. இடையில் நின்ற தரகர்தான் சிக்கல். ஒருவர் மொழியை மாற்றிக்கொள்ளும்போது இடையாள் பழைய மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை உதாரணங்கள்.

மூன்றாவது, 2018 அக்டோபர் 2இல் வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு. இதில் அழிந்தவை கணினிக்குள்ளேயே இருந்த கோப்புகள். ஆனால் வெளி வட்டு வைத்திருப்பவருக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆவணங்கள், படங்கள் போன்ற ஃபோல்டர்களைப் பலர் இடப் பற்றாக்குறையால் இன்னொரு வட்டுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். பழைய இடத்தில் அதே பெயரில் வெற்று ஃபோல்டர்கள் மிச்சமிருப்பது குறித்து முன்பு புகார் வந்திருந்தது. அவற்றைத் துடைத்தெறியப் புதிய பதிப்பில் ஒரு நிரல் சேர்க்கப்பட்டது. அது வெற்று ஃபோல்டர்களோடு, வெற்றாக இல்லாதவற்றையும் துடைத்தது. பழைய இடத்திலேயே விட்டுவைத்திருந்த கோப்புகள் போச்சு. சில நாட்களில் வெளியீடு நிறுத்தப்பட்டு நவம்பர் 13இல் மறுபடி தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய அரசியல் ஒன்று இருக்கிறது. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்த தன்னார்வலர்களில் சிலர் முன்கூட்டியே இது பற்றி எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் புகார்ப் பெட்டியில் கூடுதல் ஓட்டு வாங்கிய புகார்தான் மேலே மிதக்கும். அழிவுக்கு ஆளானவர்கள் குறைவு, ஆகவே ஓட்டும் குறைவு. நிறுவனம் பிறகு சொன்ன கணக்குப்படி, தரவு இழந்ததாகப் புகார் வந்தது பத்தாயிரம் நிறுவல்களில் ஒன்றுக்கு. புகாரின் தீவிரத்தைக் குறிப்பிடும் வசதி இந்த அனுபவத்துக்குப் பிறகே சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிவிட்டு எவ்வளவு என்று கேட்காத பெரும்பான்மைவாதம் கணினிக்குள்ளும் இருக்கிறது.

4

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. சிறுபத்திரிகைக்காரர்கள், கள ஆய்வுக் குழுக்கள் என்று பலரும் பழைய கணினிகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டிய நெருக்கடியில் இருக்கிறார்கள். அதனால் நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புதுப்பிப்பதற்கு முன்னால் எல்லா வெளி வட்டுகளையும் முறையாக வெளியேற்றி, கேபிளைக் கழற்றி, தள்ளி வைக்க வேண்டும். வட்டோடு வந்த மேலாண்மை மென்பொருளை நீக்கிவிடலாம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்தலுக்குப் பின் கணினி அதைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் கோப்புகள் முழுசாக இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெட்டி வந்துவிட்டது என்றால் எதையும் அழுத்தக் கூடாது. கழற்றிவிட்டு வேறு கேபிளில், முடிந்தால் பழைய இயங்குதளம் உள்ள இன்னொரு கணினியில் செருகிப் பார்க்கலாம். பல சமயம் அங்கே திறந்துகொள்ளும். அப்படித் திறந்தால் முதல் வேலை நகல் எடுப்பது. திறக்கவில்லையென்றால் அந்த வட்டில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. 'பிழை திருத்தும்' கருவிகளையும் ஓடவிடக் கூடாது, அவையும் எழுதுபவைதான். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முழு வட்டையும் இன்னொரு வட்டுக்குப் பிம்பமாக எடுத்து, அந்தப் பிம்பத்தின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற நிரல்களை ஓடவிடலாம். மூன்றும் இலவசம், மூல நிரல் திறந்தவை. வட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் இது எதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்புக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உறையைப் பிரித்து வட்டைத் தனியாக எடுத்துப் பார்ப்பதும் எல்லா நேரத்திலும் உதவாது. சில உறைகளில் இடையில் இருக்கும் சில்லே கடவுச்சொல் கேட்காமல் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி எழுதுகிறது. சில்லைப் பிரித்தால் வாசிப்பவரும் போய்விடுகிறார்.

5

ஃபோட்டோரெக் பற்றி இன்னொன்று. அது பதிவேட்டைப் பார்ப்பதில்லை. கோப்புகளின் உள்வடிவத்தை வைத்துப் பரப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறது. ஆகவே பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. எண்களைத்தான் பெயராக வைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவினர் சாதிக் கலவரம் நடந்த கிராமங்களில் பதிவு செய்த வாக்குமூலங்களை இப்படித்தான் மீட்டார்கள். குரல்கள் கிடைத்தன. யார், எந்த ஊர், என்றைக்கு என்பது கிடைக்கவில்லை. பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. பெயரும் தேதியும் இல்லாத வாக்குமூலத்தை எந்த விசாரணையும் ஏற்காது. 'தொண்ணூறு சதவீதம் வந்துருச்சு' என்று கடையில் சந்தோஷமாகச் சொன்னார்கள். அது கோப்புகளின் எண்ணிக்கை. சாட்சியத்தின் கணக்கு வேறு.

மீண்டு வந்த கோப்புக்கும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கங்களை அறிவித்து, 2010இல் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்னும் நடுவிலும் பாமினி உட்பட ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் இந்தக் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'கரப்ட் ஆயிடுச்சு' என்று அழித்துவிட முடியும். இப்போது அந்தப் பெட்டியின் வேலையை நாமே செய்கிறோம்.

6

'பேக்கப் எடுக்கலையா?' இழந்தவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இது உண்மையில் கேள்வியல்ல, பழி. காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் தலையில் கட்டுகிற தர்க்கம். போதாக்குறைக்கு, கணினியில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட்டு வெளி வட்டில் மட்டும் வைத்திருப்பதையும் பேக்கப் என்றே அழைக்கிறோம். அது நகல் அல்ல. இடம் மாறிய ஒரே மூலம்.

நம் விமர்சன மொழியில் 'பிரதி' என்றால் எழுத்தின் நெசவு. அச்சகத்தில் பிரதி என்றால் நகல். இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே சொல்லில் இருப்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, பழுதானவற்றை ஆகமப்படி நெருப்பிலிட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். வாசிப்பார் இல்லாததை அழிப்பதற்கு அன்று சாஸ்திரம் அனுமதி கொடுத்தது. 1892இல் அவர் பதிப்பித்த சிலப்பதிகாரம் கிடைத்தது எப்படி? வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் பெயர்த்து எழுதி வைத்திருந்தார்கள். ஓரிடத்துத் தீ எல்லாவற்றையும் தின்றுவிட முடியவில்லை.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று கணினித் துறையில் ஒரு விதி சொல்கிறார்கள். இதைத் தனிமனித ஒழுக்கமாக அல்லாமல் கூட்டுச் செயல்பாடாக வாசிக்க வேண்டும். மதுரையில் உள்ள குழுவின் வட்டு ஒன்று கோவையில் உள்ள குழுவிடமும், அவர்களுடையது இவர்களிடமும் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை இருவரும் செருகித் திறந்து பார்க்கட்டும். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வட்டோடு சேர்த்துக் கட்டி வைக்கட்டும். வாக்குமூலங்களைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பேசியவரின் சம்மதமும், பூட்டும், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்ற தெளிவும் இருந்தாக வேண்டும். பாதுகாப்பது காட்டிக்கொடுப்பதாக முடிந்துவிடக் கூடாது.

அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பாவது இந்தப் பரிமாற்றத்தை நாம் தொடங்க முடியுமா?