சோயா எண்ணெய்: நறுமணத்தைத் தாங்கும் எளிய எண்ணெய்

எள்ளின் நெய்யே ‘எண்ணெய்’ ஆயிற்று. ‘தைலம்’ என்ற வடசொல்லின் வேரும் எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்பதே. மூலிகைச் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சி உடலில் தேய்ப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். இன்றைய நறுமணச் சிகிச்சையில் ‘கேரியர் ஆயில்’ என வழங்கும் தாங்கு எண்ணெய்க்கும் ஏறக்குறைய அதே பணிதான். அவ்வரிசையில் அதிகம் பேசப்படாத, ஆனால் விலை குறைந்த ஒன்று சோயா எண்ணெய். அதன் தகுதியையும் வரம்பையும் அறிந்து வாங்கினால் பணமும் மிஞ்சும். தோலும் நலமாக இருக்கும்.

தாங்கு எண்ணெய் ஏன் வேண்டும்?

லாவெண்டர், யூகலிப்டஸ், கிராம்பு போன்றவற்றின் நறுமண எண்ணெய்கள், பெருமளவு தாவரப் பொருளைக் காய்ச்சி வடித்துச் சிறிதளவே பெறப்படும் செறிந்த சாரங்கள். அவற்றை அப்படியே தோலில் இட்டால் எரிச்சலும் புண்ணும் ஏற்படலாம். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் தடிப்பு தோன்றக்கூடும். தாங்கு எண்ணெய் அச்சாரத்தை நீர்க்கச் செய்து, பரவலாகப் பூச உதவுகிறது. அது விரைவில் ஆவியாவதையும் தாமதப்படுத்துகிறது. நறுமணம் சற்று நேரத்தில் போய்விடும். தாங்கு எண்ணெயோ தோலிலேயே தங்கும். ஆகவே அதன் தரமும் நறுமண எண்ணெயின் தரத்தைப் போலவே முக்கியமானது.

சோயாவின் தகுதி

சோயா விதையில் ஏறத்தாழ 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் உள்ளது. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் சோயா மிகுதியாக விளைகிறது. இதற்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இந்தூரில் இயங்குகிறது.

இவ்வெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கும் மேற்பட்டது லினோலெயிக் அமிலம். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவு தரப்பட்ட எலிகளின் தோல் செதில் செதிலாக உரிவதைக் கண்டறிந்தனர். சில கொழுப்பு அமிலங்கள் உடலுக்கு இன்றியமையாதவை என்ற உண்மை அவ்வாய்வின் வழியே புலப்பட்டது. தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு என்னும் பொருள் உருவாக லினோலெயிக் அமிலம் தேவை. சோயா எண்ணெயில் வைட்டமின் ஈ வகைப் பொருள்களும் உண்டு; சுத்திகரிப்பின்போது அவற்றில் ஒரு பகுதி குறைந்துவிடும். சுத்திகரித்த எண்ணெயில் மணம் மிகக் குறைவு என்பதால், அதில் கலக்கும் நறுமணத்தை அது மறைப்பதில்லை.

கெடும் இயல்பு

லினோலெயிக் அமிலம் மிகுந்திருப்பதே இதன் பலவீனமும் ஆகும். காற்று, வெளிச்சம், வெப்பம் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து சிக்கு வாடை வீசத் தொடங்கும். தேங்காய் எண்ணெயைப் போலவோ நல்லெண்ணெயைப் போலவோ இது நீண்ட நாள் தாங்காது. கெட்ட எண்ணெய் தோலுக்கு எரிச்சலூட்டலாம். எனவே சிறிய கொள்கலனாக வாங்கி, அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதி ஒட்டுவது நல்லது. வாடை மாறினால் தயங்காமல் விலக்கிவிட வேண்டும்.

எதை வாங்குவது?

சமையலுக்கான பொட்டலத்தில் ஐ.என்.எஸ். 319 என்று குறிக்கப்பட்டிருந்தால், கெடாமல் இருக்கச் செயற்கைப் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள். ‘பிளஸ் எஃப்’ சின்னம் இருந்தால் வைட்டமின் ஏயும் டியும் சேர்க்கப்பட்டுள்ளன. உணவில் இவை அனுமதிக்கப்பட்டவையே. தோலுக்கென வாங்குகையில் அவசியமல்ல. அழகுசாதனத் தரத்தில் விற்பதை வாங்கினால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலக்கெடு, சேர்மானப் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பட்டியலில் சோயா எண்ணெய் ‘கிளைசின் சோயா ஆயில்’ என்ற பெயரில் இருக்கும். விலையை எப்போதும் ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். சிறிய புட்டியின் அழகு கணக்கை மறைத்துவிடும்.

கலக்கும் அளவு

ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டுகள் எனக் கொண்டால், 30 மில்லிலிட்டர் சோயா எண்ணெயில் 6 சொட்டுகள் கலந்தால் ஒரு சதவீதம். 12 சொட்டுகள் கலந்தால் இரண்டு சதவீதம். உடலுக்கு இரண்டு சதவீதம் போதும். முகத்துக்கு ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கிராம்பு போன்ற காரமானவற்றுக்கு இதனினும் குறைவே தகும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாளாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள், குறிப்பாகச் சுத்திகரிக்காத எண்ணெயில் புரதம் எஞ்சியிருக்கலாம் என்பதால், இதைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் மருத்துவர் ஆலோசனையின்றி நறுமண எண்ணெய் கூடாது. பெர்கமாட், எலுமிச்சை போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் கருகக்கூடும். யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்கள் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

எதிர்பார்ப்புக்கும் எல்லை உண்டு

எண்ணெய் வறட்சியைத் தணிக்கும். நோயைத் தீர்க்கும் என்று நம்பிவிடக் கூடாது. கரப்பான் உள்ள 480க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் குளியல் நீரில் ஈரப்பதமூட்டும் எண்ணெய்களைக் கலந்ததால் கூடுதலாகக் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை என்று அது கூறியது. ஆகவே அரிப்பும் வெடிப்பும் நீடித்தால், அடுத்த புட்டிக்குச் செலவிடும் பணத்தைத் தோல் மருத்துவரின் ஆலோசனைக்குச் செலவிடுவதே அறிவுடைமை.