மேட்ச் என்றால் திரி

காரியாபட்டியிலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டிருக்கிறார்: கிரிக்கெட் மேட்சுக்கும், சிவகாசிப் பக்கம் போர்டுக்குப் போர்டு எழுதியிருக்கும் 'மேட்ச் ஒர்க்ஸு'க்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. நம் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருப்பது போலத்தான். விளையாட்டு மேட்ச், 'இணை, துணை' என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. சரிசமமானவர்கள் மோதினாலும் மேட்ச், சேலைக்கு பிளவுஸ் பொருந்தினாலும் மேட்ச்.

தீப்பெட்டி மேட்சின் கதைதான் எனக்குப் பிடித்தது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் குச்சி அல்ல, விளக்குத்திரி. அதற்கும் மூலம், விளக்கின் மூக்கைக் குறித்த கிரேக்கச் சொல் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. பிறகு, வெடியுப்பில் ஊறவைத்து, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைத்த கயிறு மேட்ச் ஆனது. கந்தகத்தில் தோய்த்த குச்சியும் மேட்ச் ஆனது. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் விற்கத் தொடங்கியது 1827இல். அதற்குள் சொல்லுக்குச் சில நூற்றாண்டு வயது.

திரி என்ற அந்தப் பழைய பொருள் செத்துவிடவில்லை. நம் பட்டாசுக்காரர்கள் 'கருந்திரி' என்கிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் இன்றும் 'பிளாக் மேட்ச்' என்றே பெயர். பருத்தி நூலைக் கரிமருந்துக் குழம்பில் தோய்த்துக் காயவைப்பது. வெறுமனே கிடந்தால் நிதானமாக எரியும். அதையே மெல்லிய காகிதக் குழாய்க்குள் செருகினால் 'குயிக் மேட்ச்': சூடான வாயு வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் முன்னால் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். ஒரு முனையில் நெருப்பு வைத்தால் கண்ணிமைப்பதற்குள் மறுமுனை தொட்டுவிடும்.

இந்தத் திரியை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துத் தயாரித்தவர் கைது என்ற செய்தி நம் மாவட்டத்தில் அடிக்கடி வருகிறது. அடுப்பு எரியும் வீட்டில், பிள்ளைகள் படுத்துறங்கும் இடத்தில் கரிமருந்து காயக்கூடாது. கூலிக்காகச் செய்பவரைப் பிடித்தால் மட்டும் போதாது. வீட்டுக்கு மருந்தும் நூலும் கொண்டுவந்து இறக்குபவரையும் பிடிக்க வேண்டும்.

மாணவிக்கு ஒன்று. பள்ளி நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேட்ச் இரண்டு தனிப் பதிவுகளாக, 1, 2 என்று எண்ணிட்டு இருக்கும். பொருளுக்குப் பக்கத்திலேயே சொல்லின் பிறப்பையும் தந்திருப்பார்கள். பரீட்சைக்கு வராது என்று நாம் தாண்டிப் போகும் வரி அதுதான்.