எடிட்டர் காத்திருக்கும் இடம்

சிஸ்டம் திணறுகிறது என்று சொன்னவுடன் கடையிலும் நண்பர் வட்டத்திலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டுவிடுங்கள்." திருமண வீடியோ எடிட் செய்பவருக்கும் அதே பதில், வீட்டிலிருந்தே யூடியூப் சேனல் நடத்துபவருக்கும் அதே பதில், பகலெல்லாம் எடிட்டிங் செய்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் கேம் ஆடுபவருக்கும் அதே பதில். சென்னை ரிச்சி தெருவுக்கு ஐம்பதாயிரத்தோடு போகிறவரின் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கார்டுக்கே போய்விடுகிறது. கொண்டுவந்து மாட்டினால் கேம் பளிச்சென்று ஓடும். டைம்லைன் மட்டும் பல நேரம் பழையபடியே தத்தித் தத்தித்தான் நகரும். கார்டில் பழுது எதுவும் இல்லை. எங்கே தடை இருக்கிறது என்று பார்க்காமலேயே வைத்தியம் நடந்திருக்கிறது. டெஸ்க்டாப்பை மேம்படுத்தும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எடிட்டர் எந்த இடத்தில் காத்திருக்கிறார் என்பது. எந்த பாகம் வேகமானது என்பது அதற்குப் பிறகு வரட்டும்.

எடிட்டிங்கில் காத்திருப்பு இரண்டு வகை. வேலை முடிந்தபின் எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஒன்று. வெட்டும்போது, ஒட்டும்போது, ஒரு ஷாட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும்போது படம் வந்து நிற்பதற்காகக் காத்திருப்பது இன்னொன்று. விமர்சனங்களும் ஒப்பீட்டு அட்டவணைகளும் பெரும்பாலும் முதல் வகையைத்தான் அளக்கின்றன. அதை நிமிடக் கணக்கில் சொல்வது எளிது. ஆனால் எக்ஸ்போர்ட் ஓடும் நேரம் எந்திரத்தின் நேரம். அப்போது மனிதர் சாப்பிடலாம், தூங்கலாம், அடுத்த வாடிக்கையாளரோடு பேசலாம். டைம்லைனில் வரும் தாமதம் மனிதரின் நேரத்தையே தின்கிறது. மூன்று மணி நேரத் திருமண வீடியோவில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அரை நொடி, ஒரு நொடி தாமதம் வந்தால் நேரம் போவதோடு கைவேலையும் கெடுகிறது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் அந்தக் கணத்தில் தாலி கட்டும் ஷாட் வந்து விழ வேண்டும் என்று நினைக்கும் எடிட்டருக்குப் படமும் ஒலியும் ஒன்றாக ஓடினால்தான் அந்தத் தாளம் பிடிபடும். எனவே முதல் ரூபாய் டைம்லைனுக்குப் போக வேண்டும்.

டைம்லைன் ஏன் திணறுகிறது என்பதற்குச் சாதாரணக் கணக்கு ஒன்றே போதும். பல கேமராக்கள் 4கே வீடியோவை வினாடிக்குச் சுமார் 100 மெகாபிட் அளவில் பதிவு செய்கின்றன. அதாவது 12.5 மெகாபைட். பத்து வருடம் பழைய ஹார்ட் டிஸ்க்கூட வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். ஆகவே கோப்பைப் படிப்பதில் நெருக்கடி இல்லை. நெருக்கடி, அதைப் பிரிப்பதில் இருக்கிறது. 4கே சட்டகம் (ஃபிரேம்) ஒன்றில் 3840க்கு 2160 என்று ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு சட்டகம் 25 மெகாபைட். வினாடிக்கு 30 சட்டகம் என்றால் 750 மெகாபைட்டுக்கு அருகில் வரும். 12.5 மெகாபைட் மூட்டையைப் பிரித்து 750 மெகாபைட்டாக விரிக்கும் வேலை ஒவ்வொரு வினாடியும் நடக்கிறது. போதாக்குறைக்கு எச்.264, எச்.265 போன்ற கோடெக்குகள் எல்லாச் சட்டகத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, நடுவில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்கின்றன. நேராக ஓடவிட்டால் சமாளிக்கலாம். பின்னோக்கி இழுத்தால், முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். எடிட்டர் நாள் முழுக்கச் செய்வதே முன்னும் பின்னும் இழுப்பதுதான்.

இந்தப் பிரிக்கும் வேலைக்கென்றே தனிச் சிறு மின்சுற்று ஒன்று சில்லுகளுக்குள் உண்டு. இன்டெல் அதை 'குயிக் சின்க்' என்ற பெயரில் 2011 முதல் தன் பிராசஸர்களின் உள்ளமை கிராஃபிக்ஸில் வைத்து வருகிறது. என்விடியா, ஏஎம்டி கார்டுகளிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கேம் ஆடும் திறனுக்கும் இந்தச் சுற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எந்தச் சுற்றுக்கு எந்த வகைக் கோப்பைப் பிரிக்கத் தெரியும் என்பதே கேள்வி. கேனான் ஆர்6, சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற நிறச் செறிவுள்ள எச்.265 கோப்புகளைத் தருகின்றன. இந்த வகையை 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸ் பிரித்துவிடும். என்விடியா கார்டுகளிலோ 2025இல் வந்த 50 வரிசைக்கு முந்தியது எதற்கும் இது தெரியாது. லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற ஆர்டிஎக்ஸ் 4090 கைவிரிக்கும் இடத்தில், ஐ5-11400 என்ற நடுத்தர பிராசஸரின் உள்ளே இருக்கும் எளிய கிராஃபிக்ஸ் வேலையை முடித்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கார்டின் விலையை மட்டும் பார்ப்பது பெரிய நஷ்டம். இன்னொரு விஷயமும் உண்டு. சில ஆயிரம் குறைகிறது என்று ஐ5-12400க்குப் பதில் ஐ5-12400எஃப் எடுக்கச் சொல்வார்கள். கேமுக்கு அது சரியான யோசனைதான். ஆனால் 'எஃப்' என்ற எழுத்துக்கு உள்ளமை கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். குயிக் சின்க்கும் அதோடு போய்விடும். தனிக் கார்டு மாட்டியதும் உள்ளமை கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும் மதர்போர்டுகளும் பல. பயாஸில் போய் அதை மறுபடி இயக்கிவிட்டால் செலவில்லாமல் டைம்லைன் சரியாகிவிடலாம்.

தடை எங்கே என்று கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை. டைம்லைனை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வைத்தால் போதும். பிராசஸர் 100 சதவீதத்தில் துடிக்க, கிராஃபிக்ஸின் 'வீடியோ டீகோட்' கோடு தரையோடு கிடந்தால், அந்தக் கோப்பைப் பிரிக்க வன்பொருள் உதவி கிடைக்கவில்லை என்று அர்த்தம். டிஸ்க் 100இல் நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். ரேம் விளிம்புவரை நிறைந்திருந்தால் ரேம் வேண்டும். எதுவுமே உச்சத்தில் இல்லாமல் போகப் போக வேகம் குறைந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் தூசி அடைத்த ஹீட் சிங்கும் இருந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் மட்டும் மெதுவாகும் சிஸ்டத்துக்குச் சில நூறு ரூபாய் பேஸ்ட்டும் ஒரு தூரிகையும் போதலாம். போனில் எடுத்த வீடியோவில் ஒலி மட்டும் மெல்லத் தள்ளிப்போவது எந்த வன்பொருளாலும் தீராது. போன்கள் சட்டக வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்வதால் வரும் கோளாறு அது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று எழும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் கிராஃபிக்ஸ் கார்டையே நம்பி இயங்குகின்றனவே, அப்படியிருக்கக் கார்டு முதலில் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம், பல அடுக்கு எஃபெக்ட் என்று வேலை செய்பவருக்குக் கார்டும் அதிலுள்ள நினைவகமும்தான் உயிர். 4 ஜிபி கார்டில் 4கே நிறத் திருத்தம் செய்யப் போனால் நினைவகம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர்கள் 8 ஜிபிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் வெட்டு, இணைப்பு, கொஞ்சம் நிறச் சீரமைப்பு, எழுத்து, இசை என்ற அளவில் வேலை பார்ப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களின் தடை பெரும்பாலும் கார்டுக்கு முன்பே வந்துவிடுகிறது.

எஸ்எஸ்டி, ரேம் இரண்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹார்ட் டிஸ்க்கின் பலவீனம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஓடுவதில் இருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் அதற்குப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். விண்டோஸும் மென்பொருளும் கேஷ் கோப்புகளும் எஸ்எஸ்டியில் இருந்தால் ஃபுட்டேஜ் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். வினாடிக்கு 550 மெகாபைட் தரும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் 3500 தரும் என்விஎம்இக்கும் வினாடிக்கு 12.5 மெகாபைட் கேட்கும் கோப்பை எடிட் செய்வதில் வேறுபாடு தெரியாது. ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும், 4கேக்கு 32 நல்லது. ஒரே பட்டையாக வாங்குவதைவிட இரண்டாக மாட்டுவது மேல். உள்ளமை கிராஃபிக்ஸில் கேம் ஆடுபவருக்கு இது பெரிய வித்தியாசம் தரும், ஏனென்றால் அந்த கிராஃபிக்ஸ் ரேமையே கடன் வாங்கி ஓடுகிறது. 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் 'குரூஷியல்' என்ற தன் நுகர்வோர் பிரிவையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. 8 ஜிபி பட்டை ஒன்றை ஏற்கனவே வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போடாமல், காலி இடத்தில் அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபியைச் சேர்ப்பதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2018இல் வாங்கிய ஐ5-8400, 8 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தமிழ்நாட்டின் பல ஸ்டூடியோக்களில் இன்றும் இந்த மாதிரி சிஸ்டம் ஓடுகிறது. போன் வீடியோவையும் சாதாரண எச்.264ஐயும் இதன் உள்ளமை கிராஃபிக்ஸ் பிரித்துவிடும். எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டாலே புது உயிர் வரும். 4:2:2 கோப்பு வந்தால்தான் சிக்கல். பிராசஸரை மாற்றலாமா என்றால், அந்த போர்டு 9ஆம் தலைமுறைக்கு மேல் ஏற்காது, 9ஆம் தலைமுறையிலும் இருப்பது அதே பழைய உள்ளமை கிராஃபிக்ஸ்தான். அதற்குக் கொடுக்கும் பணம் டைம்லைனுக்கு உதவாது. இன்டெல்லின் ஆர்க் ஏ380 கார்டு மலிவு, 4:2:2 தெரியும். ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய போர்டுகளில் கேமில் சோர்ந்துவிடும், இன்டெல்லே 10ஆம் தலைமுறை முதல்தான் பரிந்துரைக்கிறது. ஆக இந்த சிஸ்டத்துக்கு ஆர்டிஎக்ஸ் 5050 போன்ற 50 வரிசைக் கார்டு ஒன்று பொருத்தமாகும். கார்டு முதலில் வேண்டாம் என்ற இடத்திலிருந்து கிளம்பி கார்டுக்கே வந்து சேர்ந்தாலும், காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு கார்டுகள் முன்னால் இருக்கும்போது எதைக் கேட்டு வாங்குவது என்பதும் தெரிந்துவிடுகிறது. 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களின் நிலைமை வேறு. போர்டு நிறுவனம் பயாஸ் புதுப்பிப்பு தந்திருந்தால், ரைசன் 5 1600 இருந்த இடத்திலேயே 8 கோர் கொண்ட ரைசன் 7 5700எக்ஸை உட்கார வைக்கலாம்.

கார்டு வாங்கவும் வழியில்லை என்றால் ப்ராக்ஸி இருக்கிறது. கனமான கோப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக வைத்திருக்கும் இலகுவான நகலில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்து எக்ஸ்போர்ட் எடுப்பது இந்த முறை. 1080பி அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி பிடிக்கும். ப்ராக்ஸி உருவாக்கவே பல மணி நேரம் ஆகிறதே என்பார்கள். ஆகும், ஆனால் அது எந்திரத்தின் நேரம், இரவில் ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வரவேற்பு மேடையிலேயே அன்றைய முகூர்த்தத்தைத் திரையிட வேண்டியவருக்கும் செய்தி வீடியோ செய்பவருக்கும் மட்டும் இது ஒத்துவராது. அவர்களுக்கு எக்ஸ்போர்ட் நேரமும் மனித நேரமே, வன்பொருள் உதவியில் செலவழிப்பதுதான் வழி.

இதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்பது வலுவான ஆட்சேபம். எம்4 சில்லுள்ள மேக் மினி 2024இல் 59,900 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது. 16 ஜிபி ரேம், 4:2:2 பிரிக்கும் திறன், அமைதியான சிறு பெட்டி. எடிட்டிங் மட்டுமே தொழில் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அதன் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, அந்த அடிப்படை மாடலில் சேமிப்பு 256 ஜிபிதான், வேலரண்ட் கேம் அதில் ஓடாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கும் முந்திய சிஸ்டம் வைத்திருப்பவர், அடுத்த சிஸ்டத்துக்கும் கூடவே வரக்கூடிய எஸ்எஸ்டி, கார்டு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றில் மட்டும் பணம் போடலாம். பழைய வகையான டிடிஆர்3 ரேமில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பெட்டியோடு முடிந்துபோகும்.

கேம் பற்றித் தனியாகக் கவலைப்படத் தேவையில்லை. வேலரண்ட் தன் உயர்நிலைத் தேவையாகக் கேட்பதே 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைத்தான். எடிட்டிங்குக்காகச் சரியாகத் தேர்ந்தெடுத்த எந்த இக்காலக் கார்டும் அதை எளிதில் தாண்டும். கவனம் வைக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸில். மதர்போர்டின் இணைப்பு வழியாகக் கார்டுக்கு 75 வாட்தான் கிடைக்கும். 5050 கார்டு 130 வாட் கேட்பதால் தனி மின் இணைப்பு வேண்டும். நிறுவனங்கள் கழித்துவிட்டு ரீஃபர்பிஷ்டு என்று விற்பனைக்கு வரும் ஒல்லியான அலுவலகப் பெட்டிகளில் அந்த இணைப்பும் இருக்காது, முழு உயரக் கார்டுக்கு இடமும் இருக்காது, எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால் வெளியில் வாங்கி மாற்றவும் முடியாது. கார்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் வாட் அளவையும், கார்டு இருக்கப்போகும் இடத்தின் நீளத்தையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.