பூட்டிய நிலையில் வரட்டும் மோடம்

2017 ஜூலைக் கடைசியில் நாட்டின் பல பகுதிகளில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. கம்பியில் பழுதில்லை. பயனர்பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று ஆலையிலிருந்து வந்தபடியே கிடந்த மோடம்களுக்குள் வைரஸ் புகுந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது நிறுவனம்.

சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்கிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண்காணிப்புக் கேமரா மாட்ட வந்தவர் அதை மோடத்தோடு இணைத்து, செல்போனில் படம் தெரிய வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் மோடத்தின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்க அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். காப்பு ஆலையிலேயே போடப்பட்டு வர வேண்டும்.

காப்பு என்றால் இணையத்தைத் துண்டிப்பதல்ல. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கருவி கேட்டதற்கு வரும் பதிலை மோடம் உள்ளே விடும். கேட்காமல் வெளியிலிருந்து வருவதை நிறுத்திவிடும். பெரும்பாலான கேமராக்கள் தாமாகவே நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொள்பவை. அதனால் வெளிவாசலை அடைத்தாலும் செல்போனில் படம் தெரியும்.

இணைய முகவரிகளுக்கான பழைய ஐபிவி4 முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். பல கருவிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நின்றதால் தற்செயலாக ஒரு மறைப்புக் கிடைத்தது. புதிய ஐபிவி6 முறை வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. அந்த மறைப்பு போய்விட்டது. இனி மோடம்தான் தடுத்தாக வேண்டும். ஆனால் யுபிஎன்பி என்ற வசதி திறந்திருந்தால், உரிமையாளருக்குத் தெரியாமல் கேமராவே மோடத்திடம் கேட்டு வழியைத் திறந்துகொள்ளும். அதையும் மூடித்தான் விற்க வேண்டும்.

யாரும் யாரோடும் நேரடியாகப் பேசலாம் என்பதே இணையத்தின் பலம், அதை முடக்கலாமா என்பார்கள். வீட்டிலேயே சர்வர் நடத்துபவருக்கு வழியைத் திறக்கவும் தெரியும், அவர் திறந்துகொள்ளட்டும். தெரியாதவர் வீட்டுக் கேமரா ஊரையே தாக்கும் ஆயுதமாகிறது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் வைரஸ் பிடித்த கேமராக்களும் மோடம்களும் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களை அமெரிக்காவில் எட்டவிடாமல் செய்தன. அந்த வைரஸ் கையில் வைத்திருந்தது சுமார் 60 ஆலை பாஸ்வேர்டுகள் மட்டுமே.

எளிதில் ஊகிக்கக்கூடிய ஆலை பாஸ்வேர்டுடன் கருவி விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது. சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை இந்தியாவும் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இனி விற்கப்படுபவற்றுக்கு. ஏற்கெனவே சுவரில் தொங்கும் கேமராக்களுக்கும் வீட்டிலுள்ள மோடம்களுக்கும் இணையச் சேவை தருபவர்தான் பொறுப்பேற்க வேண்டும்: வெளியிலிருந்து மோடத்தை இயக்கும் வழிகளை அவர் தன் நெட்வொர்க்கிலேயே அடைக்கலாம், வாடிக்கையாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பாமலே.