குணம் அறிந்து பேசுவோம்

நீரிழிவு நோய் இருப்பதாக முதன்முதலில் கூறும்போது எல்லோரும் அதனை ஒரே விதமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஒருவர் அன்று மாலையே குறிப்பேடு வாங்கி உணவுப் பட்டியல் எழுதத் தொடங்குகிறார். மற்றொருவர் “எனக்கா? இருக்காது” என்று சினக்கிறார். வேறொருவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு மறுநாளும் பழைய வழியிலேயே செல்கிறார். இன்னுமொருவர் காலை இழக்க நேருமோ என்று அஞ்சி உறக்கமின்றித் தவிக்கிறார். இந்த இயல்பு வேறுபாட்டை அறிந்து பேசினால், ஆலோசனை நோயாளியின் மனத்தைச் சென்றடைகிறது. அதுபற்றியே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மனிதரை இயல்புக்கேற்ப வகைப்படுத்தும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் மிகுதியைக் கொண்டு வாத தேகி, பித்த தேகி, கப தேகி என உடலின் இயல்பைப் பிரித்து, அவற்றோடு மனத்தின் போக்கையும் சேர்த்துக் கூறுகிறது. ‘அவருக்குப் பித்த உடம்பு’ என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வது இம்மரபிலிருந்து வந்ததே. கிரேக்க மருத்துவ மரபோ குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்களைக் கூறிற்று. அவற்றிலிருந்து உற்சாகி, அமைதியர், சினத்தர், துயரர் என நான்கு குண வகைகள் தோன்றின. குணத்திற்குக் காரணம் இந்நீர்மங்களே என்னும் கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும் பிறவியிலேயே குழந்தைக்குக் குழந்தை இயல்பு வேறுபடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

1956-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர், கைக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குபவர். 10 விழுக்காட்டினர் எளிதில் அமைதியடையாதவர். 15 விழுக்காட்டினர் புதியவற்றை மெல்ல மெல்ல ஏற்பவர். எஞ்சிய 35 விழுக்காட்டினர் எந்த வகையிலும் அடங்கவில்லை. வகைப்பாட்டின் பயனையும் எல்லையையும் இக்கணக்கு ஒருசேர உணர்த்துகிறது. அவர்கள் கண்ட மற்றோர் உண்மை, பராமரிப்பவர்க்கு மிகவும் தேவையானது: இயல்பு தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று, சுற்றியுள்ளோரின் எதிர்பார்ப்பு அதனோடு பொருந்தாதபோதுதான் இடர் பெரிதாகிறது.

இதனை வீட்டில் எவ்வாறு கைக்கொள்வது? விரைந்து சினப்பவரிடம் கட்டளையிடுதல் பயன் தராது. “காலையில் நடக்கிறீர்களா, மாலையில் நடக்கிறீர்களா?” என்று தெரிவை அவரிடமே விடுங்கள். அஞ்சித் தவிப்பவரிடம் “ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி நிறுத்தாமல், அவருடைய அச்சம் யாதெனக் கேட்டு, அடுத்து செய்யவேண்டிய ஒன்றை மட்டும் கூறுங்கள். உற்சாகத்தோடு தொடங்கி ஒரு வாரத்தில் விட்டுவிடுபவருக்கு உடன் நடக்க ஒரு துணை வேண்டும். வாய் திறவாது தலையசைப்பவரை “நாங்கள் கூறியதை உங்கள் சொற்களில் ஒருமுறை கூறுங்கள்” என்று கேளுங்கள்; அவருக்குப் புரியாதது எது என்பது அப்போது வெளிப்படும். புதியவற்றை மெல்ல ஏற்பவரிடம், ஒரே நாளில் மூன்று வேளைச் சோற்றையும் மாற்றச் சொல்லாமல் இரவு உணவிலிருந்து தொடங்குங்கள். மகன் வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் அதட்டுவதைவிட, அருகிலிருக்கும் மருமகள் நிதானமாகக் கூறும் ஒரு சொல் சிலரிடம் பெரிதும் பயன்படுகிறது. யார் சொன்னால் நோயாளி கேட்பார் என்பதை எங்கள் ஆலோசகரிடம் தெரிவியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘அவர் குணமே அப்படி’ என்னும் சொல் சில வேளைகளில் நோயை மறைத்துவிடும். அமைதியாக இருந்த முதியவர் ஓரிரு நாளில் குழம்பிப் பேசினாலோ, காரணமின்றிச் சினந்தாலோ, அது குணமன்று. சிறுநீர்ப் பாதைத் தொற்று, குருதியில் சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அத்தகையோரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பேச்சு திடீரெனக் குழறினாலோ முகம் கோணினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். கலகலப்பாக இருந்தவர் இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் குன்றி இருப்பின் அது மனச்சோர்வு நோயாகலாம். தைராய்டு சுரப்பு மிகுந்தால் படபடப்பும், குறைந்தால் மந்தமும் தோன்றும். இவை யாவும் மருத்துவத்திற்கு உரியவை. ‘சோம்பேறி’, ‘பிடிவாதக்காரர்’ என்னும் பெயர்களால் தீர்பவை அல்ல.

ஆகவே, உங்கள் வீட்டு நோயாளியின் இயல்பு இதுவென நாங்கள் ஒருபோதும் முத்திரை குத்துவதில்லை. “நோய் வருமுன் இவர் எப்படி இருந்தார்? எப்போதிலிருந்து மாறினார்?” என்னும் இரு வினாக்களையே கேட்கிறோம். இவற்றுக்கு விடை கூறத்தக்கவர் உடனிருந்து பார்த்த நீங்கள்தாம். அடுத்த முறை வரும்போது அவ்விடைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இடையில் மனநல உதவி தேவைப்படின், அரசின் டெலி மானஸ் இலவச எண்ணாகிய 14416-ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பராமரிப்பவராகிய நீங்கள் சோர்வுற்றாலும் அவ்வெண் உங்களுக்கும் உரியது.