எரியும் பாதி எவரிடம்?

ருஷ்யாவிலே, வால்கா நதிக்கரையிலே, ரிபின்ஸ்க் என்றொரு தொழில் நகரம். ஏறத்தாழ நூறு பேர் செல்லும் சூப்பர்ஜெட் விமானத்துக்கு அங்கேதான் இஞ்சின் பூட்டினர் தொழிலாளத் தோழர்கள். பெயர் 'சாம் 146'. முன்னாலிருக்கும் பெரிய விசிறி ருஷ்யர் வேலை. எரிபொருள் எரியும் நடுப்பகுதியோ பிரான்சிலிருந்து வந்தது!

விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பங்கு நடுப்பகுதிக்குள் போகாமல், அதைச் சுற்றிப் பின்னால் பாய்ந்து விமானத்தைத் தள்ளும். சரி, விசிறியைச் சுழற்றுவது எது? நடுவிலே எரியும் அந்த நெருப்புதான். உலைபோல் காய்ந்து தேய்வதும், மாற்றுச் சாமான் கேட்பதும் அந்தப் பகுதிதான்.

2011இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது சூப்பர்ஜெட். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ ஆட்சி உக்ரைன்மீது படையெடுத்தது. மேலை நாடுகள் தடை போட்டன. பிரான்சிலிருந்து சாமானும் நின்றது. பழுதுபார்க்கும் உதவியும் நின்றது. படையெடுக்கலாமா என்று பட்டறைக்காரனை யார் கேட்டார்கள்?

முழுக்க உள்நாட்டிலேயே செய்யும் 'பி.டி. 8' இஞ்சின் வேலை போருக்கு முன்பே தொடங்கியதுதான். ஆயினும் அது சூப்பர்ஜெட்டைத் தூக்கிப் பறந்தது 2025 மார்ச்சில். அதுவும் வெள்ளோட்டம், பயணி ஒருவரும் இல்லை!